உறங்கும் மூளைக்கு ஓசை எட்டுகிறதா?

உறக்கத்தையும் ஒலியையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் விடை தருகிறேன். ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறேன்.

கேள்வி: கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு மூடி இல்லை. அப்படியிருந்தும் உறங்கும்போது அருகில் யாராவது பேசினால்கூட நமக்குக் கேட்பதில்லை. அந்த ஒலி எந்த இடத்தில் தடுக்கப்படுகிறது? (கல்லூரி மாணவர் ஒருவர்)

பதில்: வழியில் எங்கோ ஒரு கதவு சாத்தப்படுகிறது என்றுதான் அறிவியலாளர்களும் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். அந்தக் கதவு பெரும்பாலும் திறந்தே கிடக்கிறது என்பதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஒலி செல்லும் பாதையை முதலில் பார்ப்போம். காற்றின் அதிர்வு செவிப்பறையை அசைக்கிறது; நடுச்செவியின் மூன்று சிற்றெலும்புகள் அதை நத்தைக்கூடு வடிவில் உள்ள உட்செவிக்குக் கடத்துகின்றன; அங்குள்ள மயிரணுக்கள் அதிர்வை மின்குறிப்பாக மாற்றிச் செவிநரம்பிடம் ஒப்படைக்கின்றன. அந்தக் குறிப்பு மூளைத்தண்டில் சில நிலையங்களைக் கடந்து, மூளையின் நடுவே உள்ள தாலமஸ் என்னும் பகுதியை அடைந்து, அங்கிருந்து காதுக்குச் சற்று மேலே அமைந்திருக்கும் செவிப்புறணிக்கு, அதாவது மூளையின் வெளிப்படலமான புறணியில் ஒலியை அலசும் பகுதிக்கு, போய்ச் சேர்கிறது. இதில் மூளைத்தண்டு வரையிலான பயணத்தை உறக்கம் ஏறக்குறையப் பாதிப்பதே இல்லை. பிறந்த குழந்தையின் செவித்திறனை மருத்துவமனைகளில் குழந்தை உறங்கும் நேரம் பார்த்துத்தான் சோதிக்கிறார்கள் என்பதே இதற்குப் போதிய சான்று. மெல்லிய சொடுக்கொலிகளைக் காதில் செலுத்தி, ஒவ்வொன்றையும் அடுத்து 10 மில்லிவினாடிக்குள் எழும் சிற்றலைகளைத் தலையில் ஒட்டிய மின்முனைகளால் பதிவு செய்கிறார்கள். குழந்தை விழித்து நெளியத் தொடங்கினால்தான் அந்தச் சோதனை கெடும்.

தடை தாலமஸில் இருக்கிறது என்ற கருத்து 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வலுப்பெற்றது. ஆழ்ந்த உறக்கத்தில் தாலமஸின் நரம்பணுக்கள், வந்த செய்தியை வந்தபடி கடத்தும் முறையைக் கைவிட்டு, இடைவெளி விட்டுக் கூட்டமாகத் துடிக்கும் வேறொரு முறைக்கு மாறுகின்றன என்பது உண்மைதான். ஆனால் அதனால் புறணிக்கு எதுவுமே எட்டாது என்று முடிவு கட்டியது அவசரம். அந்த முடிவைச் சரிபார்க்க வேண்டுமானால், உறங்கும் மனிதரின் மூளைக்குள்ளேயே மின்முனை இருக்க வேண்டும். அதை ஆய்வுக்கென்று எவருக்கும் செய்துவிட முடியாது.

மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோயாளிகளிடம் அந்த வாய்ப்பு அமைந்தது. வலிப்பு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதைக் கண்டறிவதற்காக, அறுவைச் சிகிச்சைக்கு முன்பு அவர்களுடைய மூளைக்குள் மெல்லிய மின்முனைகளைப் பொருத்திச் சில நாள் மருத்துவமனையிலேயே வைத்திருப்பார்கள். டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் யுவால் நிர் குழுவினர், அத்தகைய நோயாளிகளின் ஒப்புதலோடு, அவர்கள் விழித்திருக்கும்போதும் உறங்கும்போதும் சொற்களையும் இசையையும் சொடுக்கொலிகளையும் மெதுவாக ஒலிக்கச் செய்து, நூற்றுக்கணக்கான நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவு செய்தனர். 2022இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு பலருக்கும் வியப்பளித்தது. செவிப்புறணியின் நரம்பணுக்கள் உறக்கத்திலும் ஏறத்தாழ விழிப்பில் துடிப்பதைப் போலவே துடித்தன. ஓரிடத்து நரம்பணுக்கள் சேர்ந்து செய்தியை அலசுவதன் அடையாளமான காமா அலைகளும் பெரிதாகக் குறையவில்லை.

அப்படியானால் குறைந்தது எது? நாம் விழித்திருக்கும்போது ஓர் ஒலி கேட்டால், வினாடிக்குச் சுமார் 10 முதல் 30 முறை அலையும் ஆல்பா, பீட்டா அலைகள் ஒருகணம் தாழ்கின்றன. மூளையின் மேல்நிலைப் பகுதிகள் கீழ்நிலைப் பகுதிகளுக்கு அனுப்பும் மறுமொழியின் சுவடு இது என்று கருதப்படுகிறது. வந்திருப்பது எதிர்பார்த்த ஒலிதானா, அதில் கவனம் செலுத்த வேண்டுமா என்பன போன்ற செய்திகள் இவ்வாறு மேலிருந்து கீழே வருகின்றன. உறக்கத்தில் இந்தத் தாழ்வு மிகவும் மங்கிவிடுகிறது. கடிதம் அலுவலகத்துக்கு வந்து, பதிவேட்டிலும் ஏறிவிடுகிறது. பதில் எழுதத்தான் ஆளில்லை. கனவு மிகுந்த ஆர்.இ.எம் உறக்கத்தில் மூளை விழிப்புக்கு இணையான சுறுசுறுப்போடு இயங்கினாலும், அந்த நேரத்திலும் இதே நிலைதான் காணப்பட்டது.

உறக்கம் எதையுமே மாற்றுவதில்லை என்று இதற்குப் பொருளில்லை. வினாடிக்கு 40 முறை வரும் வேகமான சொடுக்கொலிகளுக்கு ஈடுகொடுத்துத் துடிக்கும் திறன் உறக்கத்தில் குறைகிறது. ஒலியை முதலில் பெறும் பகுதியைத் தாண்டிச் செல்லச் செல்ல, ஒலிக்கு மூளை காட்டும் எதிர்வினையான துலங்கலும் தளர்கிறது. ஆனாலும் உங்கள் கேள்விக்கு நேர் விடை இதுதான்: ஒலி தடுக்கப்படுவதைக் காட்டிலும், எட்டிய ஒலியை மூளையின் மற்றப் பகுதிகள் எடுத்துக்கொள்ளாமல் விடுவதே உறக்கத்தில் பெரிதும் நிகழ்கிறது. அறுவைச் சிகிச்சை மயக்கத்திலும் இதைப் போன்ற ஒன்று நிகழ்வதை அதே குழுவினர் 2020இல் கண்டிருந்தனர். மயக்க மருந்தால் நினைவிழந்த பின்னரும் முதன்மைச் செவிப்புறணி ஒலிக்குத் துடித்தது, அதைக் கடந்த பகுதிகள்தாம் அடங்கிவிட்டன.

கேள்வி: இடி இடித்தாலும் நான் எழுவதில்லை. ஆனால் என் ஆறு மாதக் குழந்தை லேசாகச் சிணுங்கினாலே எழுந்துவிடுகிறேன். என் கணவரோ குழந்தை வீறிட்டு அழுதாலும் தூங்குகிறார். அவர் பாசாங்கு செய்கிறார் என்று நான் சந்தேகப்படலாமா? (இளம் தாய் ஒருவர்)

பதில்: குடும்பச் சிக்கலில் தீர்ப்புச் சொல்லும் தகுதி இந்தப் பகுதிக்கு இல்லை; மூளையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உறங்கும் மூளை ஒலியின் உரப்பை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை, அதன் பொருளையும் பார்க்கிறது. இதை நன்கு காட்டிய பழைய ஆய்வு 1960இல் இயன் ஆஸ்வால்டும் அவருடைய இரு துணையாளர்களும் செய்தது. உறங்குபவர்களின் காதருகே பல பெயர்களை ஒலிநாடாவில் ஓடவிட்டு, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். தத்தம் பெயர் வந்தபோது, மற்றப் பெயர்களுக்கு எழுந்ததைவிட மிகுதியான துலங்கல் எழுந்தது. உரப்பில் வேறுபாடு இல்லாதபோதும் அந்தப் பெயரை மூளை வேறுபடுத்தி அறிந்திருந்தது.

அவர்கள் கவனித்த துலங்கலின் பெயர் கே-கூட்டலை. 1930களில் அமெரிக்காவில் ஆல்ஃபிரட் லூமிஸ் என்பவர் இதை முதன்முதலில் விவரித்தார். அவர் வழக்கறிஞராக இருந்து நிதித் தொழிலில் பெரும் பொருள் ஈட்டியவர். தம் சொந்தப் பணத்தில் ஆய்வகம் அமைத்து, விருந்தினரையும் உறங்க வைத்து ஆராய்ந்தார். உறங்குபவரின் அருகே ஒரு தட்டல் ஒலி எழுந்தால், அரை வினாடிக்கும் மேல் நீடிக்கும் பேரலை ஒன்று மின்பதிவில் எழும்பித் தாழும். இதில் இருவேறு வேலைகள் கலந்திருக்கின்றன. ஒலி வந்ததை மூளை உணர்ந்துகொண்டது என்பதற்கு அந்த அலை சான்று; அதே வேளையில் புறணியின் பெரும்பகுதியைச் சற்று நேரம் அமைதியில் ஆழ்த்தி, உறக்கம் கலையாமல் காப்பதும் அதுவே என்று பல ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

2000இல் லண்டனில் கியாரா போர்ட்டாஸ் குழுவினர், மூளையின் மின்பதிவையும் காந்த அதிர்வுப் படமெடுப்பையும் ஒருங்கே பயன்படுத்தி இன்னும் உள்ளே பார்த்தனர். வெறும் பீப் ஒலியும் உறங்குபவரின் சொந்தப் பெயரும் ஆக இரண்டுமே தாலமஸையும் செவிப்புறணியையும் இயக்கின. பெயர் மட்டும் கூடுதலாக, உணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலாவையும் முன்மூளைப் புறணியின் ஒரு பகுதியையும் இயக்கியது. உங்கள் குழந்தையின் சிணுங்கல் உங்கள் மூளைக்கு ஏறத்தாழ உங்கள் பெயரைப் போன்றதுதான். இடி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், நீங்கள் எழுந்து செய்ய வேண்டியது அதில் ஒன்றுமில்லை.

உங்கள் கணவரைப் பொறுத்தவரை இரண்டு காரணங்கள் இருக்கலாம். உறங்கப்போகும் முன் எந்த ஒலிக்கு எழ வேண்டும் என்று மனத்தில் கொள்கிறோமோ, அந்த ஒலிக்கு எழுவது எளிதாகிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. குழந்தையைக் கவனிக்கும் பொறுப்பு இரவில் உங்களுடையது என்ற எண்ணம் அவர் மனத்தில் ஊன்றியிருந்தால், அவருடைய மூளையும் அவ்வாறே நடந்துகொள்ளும். பொறுப்பைச் சில இரவுகள் முறையாக மாற்றி, நீங்கள் வேறு அறையில் உறங்கிப் பாருங்கள். மற்றது பிறவி வேறுபாடு. ஆழ்ந்த உறக்கத்துக்கு முந்தைய, இலேசான இரண்டாம் நிலை உறக்கத்தில், வினாடிக்கு 11 முதல் 16 முறை அலையும் சிறு அலைத்தொகுப்புகள் தோன்றும். அவற்றைக் கதிரலைகள் எனலாம். அமைதியான இரவில் இந்தக் கதிரலைகள் மிகுதியாகத் தோன்றுபவர்கள், அடுத்த இரவுகளில் ஓசைக்கு நடுவிலும் நன்கு உறங்கினார்கள் என்பதை 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. வயது ஏறும்போது இவை குறைகின்றன. முதியவர்கள் சிறு ஓசைக்கும் விழித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: உறங்கும்போது நம் காதில் விழும் பேச்சின் பொருள் மூளைக்குப் புரிகிறதா, அல்லது ஒலியாக மட்டும் போய்ச் சேர்கிறதா? (ஓய்வு பெற்ற ஆசிரியர்)

பதில்: எளிய சொற்களின் பொருள் இலேசான உறக்கத்தில் புரிகிறது என்று துணிந்து சொல்லலாம். பாரிஸில் தோமா ஆந்திரியோன், சித் குய்தேர் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு மிகவும் நுட்பமானது. கண்ணை மூடிப் படுத்திருப்பவர்களிடம் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அது விலங்கின் பெயரானால் ஒரு கையாலும், பொருளின் பெயரானால் மறு கையாலும் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அவர்கள் அப்படியே உறங்கிப்போனார்கள். சொற்கள் மட்டும் தொடர்ந்தன, அதுவும் அதுவரை சொல்லாத புதிய சொற்கள். கைகள் அசையவில்லை. ஆனால் எந்தக் கை அசைய வேண்டுமோ, அதற்குரிய பக்கத்து மூளையில் அசைவுக்கான ஆயத்த அலை, விழிப்பில் தோன்றுவதைவிடத் தாமதமாகத் தோன்றியது. சொல்லைக் கேட்டு, பொருளறிந்து, வகைப்படுத்தி, கையைத் தேர்ந்தெடுப்பது வரை எல்லாம் உறக்கத்திலேயே நடந்திருக்கிறது. எழுந்த பின் அந்தச் சொற்களைப் பற்றிய நினைவு அவர்களிடம் இல்லை.

ஆழ்ந்த உறக்கத்தில் இந்தத் திறன் மறைந்துவிடுகிறது. கனவுறக்கம் இன்னும் விந்தையானது. அதே பாரிஸ் குழுவினர் 2020இல் கண்டதன்படி, கண்கள் வேகமாக அசையும் தருணங்களில் மூளை பொருளுள்ள பேச்சை வேண்டுமென்றே அடக்குவதைப் போல நடந்துகொள்கிறது. கனவில் ஆழ்ந்திருக்கும் வேளையில் வெளியுலகப் பேச்சு குறுக்கிடாமல் இருக்க இது உதவக்கூடும். அடக்க முடியாமல் உள்ளே வந்துவிடும் ஒலி சில நேரம் கனவின் கதையிலேயே சேர்ந்துகொள்ளும். கடிகார மணி கனவில் தொலைபேசி மணியாக ஒலிப்பதைப் பலரும் அறிவார்கள்.

கேள்வி: அப்படியானால் பாடங்களைப் பதிவு செய்து இரவெல்லாம் ஓடவிட்டு உறங்கினால், தேர்வுக்குப் படிக்கும் வேலை குறையுமா? (பன்னிரண்டாம் வகுப்பு மாணவி)

பதில்: குறையாது. இந்த ஆசை பழையது. அதை வைத்து வணிகம் செய்தவர்களும் பலர். 1956இல் சார்லஸ் சைமன், வில்லியம் எமன்ஸ் என்னும் இருவர், மின்னலைகளைப் பதிவு செய்து, கற்பவர் உண்மையில் உறங்குகிறாரா என்று உறுதிப்படுத்திக்கொண்டே சோதித்தார்கள். உண்மையான உறக்கத்தில் சொன்ன எதையும் எவரும் கற்கவில்லை. கற்றதாகத் தோன்றியவை, அவர்கள் அரைகுறையாக விழித்திருந்த நேரங்களில் காதில் விழுந்தவை. முந்தைய விடையில் சொன்னதையும் நினைவில் கொள்ளுங்கள்: சொல்லைப் புரிந்துகொண்ட மூளையே அதைச் சேமித்து வைக்கவில்லை.

பகலில் ஏற்கெனவே படித்ததை உறக்கத்தில் உறுதிப்படுத்த ஒலி உதவக்கூடும் என்பது வேறு செய்தி. அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் கென் பாலர் குழுவினர் 2009இல் இதைக் காட்டினர். 50 பொருட்களின் படங்கள் திரையில் எங்கெங்கே இருக்கின்றன என்பதை, ஒவ்வொன்றுக்கும் உரிய ஒலியோடு சேர்த்துக் கற்பித்தார்கள். பூனைக்கு மியாவ் ஒலி என்பதைப் போல. பிறகு கற்றவர்கள் ஆழ்ந்து உறங்கும்போது 25 ஒலிகளை மட்டும் மெதுவாக எழுப்பினார்கள். எழுந்த பின், ஒலி எழுப்பப்பட்ட பொருட்களின் இடங்களை அவர்கள் மற்றவற்றைவிடத் துல்லியமாகச் சுட்டினார்கள். ஜெர்மனியில் 2013இல் நடந்த மற்றோர் ஆய்வில், ஆழ்ந்த உறக்கத்தின் மெதுவான அலைகள் மேலெழும் தருணத்தைக் கணித்து, அப்போது மட்டும் சிறு ஒலித்துணுக்குகளை விட்டபோது, அந்த அலைகள் வலுப்பெற்றன. முந்தைய மாலை கற்ற சொல்லிணைகளும் நன்கு நினைவில் நின்றன.

இவை எல்லாம் மின்னலைகளைக் கண்காணித்தபடி, ஒலியின் நேரத்தையும் அளவையும் சரிபார்த்துச் செய்தவை. இரவெல்லாம் பாடம் ஓடினால் உங்கள் உறக்கம்தான் துண்டு துண்டாகும். பகலில் படித்தது மனத்தில் படிய வேண்டிய நேரம் அதனால் வீணாகும்.

கேள்வி: என் வீடு நெடுஞ்சாலையை ஒட்டியது. முதலில் உறக்கம் வராமல் தவித்தேன், இப்போது பழகிவிட்டது. பழகிய பின் தீங்கில்லை என்று கொள்ளலாமா? (வங்கி ஊழியர்)

பதில்: பழகுவது உண்மைதான்; பாதி அளவில். ஓசை தொடரும் இரவுகளில் விழித்தெழும் தடவைகள் நாளடைவில் குறைகின்றன. ஆனால் ஒவ்வொரு வண்டி கடக்கும்போதும் இதயத் துடிப்பு சற்று விரைவது அதே அளவுக்கு அடங்குவதில்லை. ஐரோப்பாவில் நான்கு விமான நிலையங்களின் அருகே வாழ்ந்த 140 பேரிடம் இரவு முழுவதும் இரத்த அழுத்தத்தை அளந்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், விழிக்காமல் உறங்கியவர்களுக்கும் ஓசையின்போது அழுத்தம் உயர்ந்தது தெரிந்தது. ஓசை எதிலிருந்து வந்தது என்பதும் பெரிதாகக் கணக்கில் வரவில்லை. அருகில் படுத்திருப்பவரின் குறட்டைக்கும் அழுத்தம் உயர்ந்தது. ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் சுமை கூடும்.

உலகச் சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்கென 2018இல் வெளியிட்ட பரிந்துரையில், வீட்டுக்கு வெளியே அளக்கப்படும் இரவு நேரச் சாலை ஓசை, ஆண்டுச் சராசரியில் 45 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது என்கிறது. படுக்கையைச் சாலைப் பக்கம் இல்லாத அறைக்கு மாற்றுவது, சன்னல் இடுக்குகளை அடைப்பது, காதடைப்பான் அணிவது ஆகியவை பயன் தரும். மற்றோர் ஓசையால் இந்த ஓசையை மூடும் இரைச்சல் கருவிகளைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. குறிப்பாகக் குழந்தையின் தொட்டிலருகே அவற்றை வைக்க வேண்டாம்: 2014இல் கனடாவில் 14 கருவிகளைச் சோதித்தபோது, மூன்று கருவிகள் 30 சென்டிமீட்டர் தொலைவில் 85 டெசிபெல்லைத் தாண்டின.

கேள்வி: பணி நிமித்தம் அடிக்கடி வெளியூர் செல்கிறேன். எவ்வளவு வசதியான விடுதியானாலும் முதல் இரவு ஒவ்வொரு சிறு ஓசைக்கும் விழிப்பு வந்துவிடுகிறது. மறுநாள் சரியாகிவிடுகிறது. ஏன்? (விற்பனைப் பிரதிநிதி)

பதில்: முதல் இரவில் உங்கள் மூளையின் ஒரு பக்கம் காவல் இருக்கிறது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மசாகோ தமாக்கி, யூகா சசாக்கி குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், புதிய இடத்தின் முதல் இரவில், ஆழ்ந்த உறக்கத்தின்போது, இடது அரைக்கோளத்தின் ஒரு பகுதி வலப்பக்கத்தைவிட மேலோட்டமாக உறங்கியது. இடது மூளைக்குச் செல்லும்படி வலது காதில் வழக்கத்துக்கு மாறான ஒலியை எழுப்பினால், உறங்குபவர் எளிதாகவும் விரைவாகவும் விழித்தார். சில நாள் கழித்து அதே இடத்தில் உறங்கியபோது இந்த வேறுபாடு இல்லை. டால்பின்கள் ஒரு பக்க மூளையை மட்டும் உறங்கவிட்டு மறுபக்கத்தால் விழித்திருக்கின்றன. மனிதரிடம் காணப்படுவது அதன் மிக மெல்லிய வடிவம். முக்கியமான சந்திப்பு இருந்தால் ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள். செலவை ஏற்கும்படி உங்கள் நிறுவனத்திடம் இந்தப் பகுதியைக் காட்டலாம்.

கேள்வி: உறக்கம் வரும் தறுவாயில் தலைக்குள் வெடி வெடித்தது போன்ற ஓசை கேட்டுத் திடுக்கிட்டு எழுகிறேன். வீட்டில் வேறு எவருக்கும் கேட்பதில்லை. அஞ்ச வேண்டுமா? (இல்லத்தரசி)

பதில்: வலி எதுவும் இல்லாமல், எப்போதாவது, உறங்கத் தொடங்கும்போதோ விழிக்கும்போதோ மட்டும் வருவதானால் பெரும்பாலும் தீங்கற்றது. வெளியில் ஒலி இல்லாமலே மூளை தானாக எழுப்பும் ஓசை இது; களைப்பும் மனக்கவலையும் மிகும் நாள்களில் கூடுதலாக வரும். கடுமையான தலைவலியோ நினைவுக் குழப்பமோ உடன் வந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: என் எட்டு வயது மகன் கடிகார மணிக்கு எழுவதே இல்லை. தீ எச்சரிக்கை ஒலிக்கும் இப்படித்தான் தூங்குவானோ என்று அச்சமாக இருக்கிறது. (தந்தை ஒருவர்)

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. குழந்தைகளின் ஆழ்ந்த உறக்கம் பெரியவர்களுடையதைவிட நீளமானது, கலைப்பதும் கடினம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 6 முதல் 12 வயது வரையிலான 24 குழந்தைகளை ஆழ்ந்த உறக்கத்தில் எழுப்பிச் சோதித்த ஆய்வு 2006இல் வெளியானது. வழக்கமான கீச்சொலி எச்சரிக்கைக்கு 14 பேர் எழுந்தனர். பெயரைச் சொல்லி எழுப்பும் பெற்றோரின் பதிவு செய்த குரலுக்கு 23 பேர் எழுந்தனர், அதுவும் மிக விரைவாக. ஒலியின் சுருதியும் முக்கியமானது: வழக்கமான கருவிகள் எழுப்பும் சுமார் 3000 ஹெர்ட்ஸ் கீச்சொலியைவிட, 520 ஹெர்ட்ஸ் அளவில் உள்ள தாழ்ந்த, கரகரப்பான ஒலி குழந்தைகளையும் செவித்திறன் குறைந்தவர்களையும் நன்றாக எழுப்புகிறது.

ஆகவே பள்ளி நாள்களில் கடிகாரத்தை நம்பாமல் அவன் பெயரைச் சொல்லி நீங்களே எழுப்புங்கள். எச்சரிக்கைக் கருவி வாங்கும்போது தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் வகை கிடைக்குமா என்று கேளுங்கள். எந்தக் கருவியானாலும், அது ஒலித்தவுடன் மகனை எழுப்பி வெளியே அழைத்துச் செல்பவர் யார் என்பதை வீட்டுப் பெரியவர்கள் இப்போதே பேசி முடிவு செய்துவிடுங்கள். அவன் தானாக எழுவான் என்ற கணக்கில் அந்தத் திட்டம் அமையக் கூடாது.